அண்ணன் ஒன்று, மூட்டை பதினைந்து

அந்தப் பட்டறையில் எடைக்கு மூன்று அளவுகள் உண்டு: கிராம், கிலோ, அண்ணன்.

லிஃப்ட் பழுது பார்க்கும் பட்டறை அது. லிஃப்டில் ஆள் அதிகமானால் ஒரு மணி அடிக்குமே, அது சரியான எடைக்குத்தான் அடிக்கிறதா என்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்து, அதன் திருகாணியைத் திருப்பி வைக்க வேண்டும். அதற்கு லிஃப்டுக்குள் முழுப் பாரத்தையும் ஏற்றியாக வேண்டும். மற்ற பட்டறைகளில் இதற்கென்றே இரும்புக் கல் வைத்திருப்பார்கள். நாலு பேர் முக்கி முனகி அடுக்குவார்கள். இந்தப் பட்டறையில் இருபத்தைந்து கிலோ மணல் மூட்டைகள் பதினைந்தும் அண்ணனும் இருந்தார்கள். மூட்டையைத் தூக்கி வைக்க வேண்டும். அண்ணன் தானே நடந்து வந்து ஏறிக்கொள்வார். ஏறிய கையோடு, பொத்தான்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து திருகையும் அவரே திருப்பிவிடுவார். எடைக்கல்லே மெக்கானிக்காகவும் அமைவது எத்தனை பட்டறைக்குக் கிடைக்கும் என்று முதலாளி பூரித்துப்போவார். அண்ணனைவிடப் பத்து வயது மூத்த முதலாளியும் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். அந்த உடம்புக்கு அது ஊர் கொடுத்த மரியாதை.

எட்டுப் பேர் ஏறும் லிஃப்ட் என்றால், அந்தச் சின்னக் கதவுக்குள் இருக்கும் கார்டில் 'அண்ணன் 1, மூட்டை 15' என்றிருக்கும். ஆறு பேர் லிஃப்ட் என்றால் 'அண்ணன் 1, மூட்டை 10'. மூட்டைதான் கூடும் குறையும். அண்ணன் மாறமாட்டார். ஒருநாள் முதலாளி அவரைப் பட்டறையின் பெரிய தராசில் ஏற்றி, முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டுச் சுவரில் கரியால் எழுதினார்: அண்ணன் = 163 கிலோ. சுவருக்கு இரண்டு முறை வெள்ளையடித்தார்கள். இரண்டு முறையும் அந்த எழுத்தைச் சுற்றித்தான் அடித்தார்கள்.

அந்த அண்ணன்தான் மூன்றரை வருடத்துக்கு முன்னால் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டார்.

ஆசைப்பட்டு இல்லை. முழங்கால் இரண்டும் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டன. தூக்கத்தில் குறட்டை திடீரென்று நின்றுபோகும். மூச்சும் அதோடு நின்றுவிடும். மனைவி பக்கத்தில் விழித்தபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே கிடந்து, எட்டில் தட்டி எழுப்புவாள். பதினோரு வருடம் எண்ணினாள். டாக்டர் வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழம் அளவுக்கு மிச்சம் வைத்து அனுப்பினார்.

அதன் பிறகு அண்ணனின் ஒருவேளைச் சாப்பாடு ஒரு கைப்பிடி. நாலாவது வாய்க்கே வயிறு 'போதும்' என்று கதவைச் சாத்திக்கொள்ளும். ஐந்தாவது வாய் வந்த வழியே திரும்பும். கரைந்தார், கரைந்தார், எழுபத்தொரு கிலோவில் வந்து நின்றார்.

உடம்பு போய்விட்டது. ஆனால் போன செய்தியை யாரும் அண்ணனிடம் முறைப்படி சொல்லவில்லை.

இன்றைக்கும் கதவு என்றால் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவார். இரட்டைக் கதவாக இருந்தாலும் அப்படித்தான். நாற்காலியைக் கையால் நாலு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். உட்கார்ந்ததும் "அம்மாடி" என்று எழுந்துவிடுவார், ஏனென்றால் பின்பக்கம் வெறும் எலும்பு. பஞ்சு மெத்தையாக இருந்த மனிதர் இப்போது போகிற இடமெல்லாம் ஒரு தலையணையைக் கக்கத்தில் கொண்டு போகிறார். துணிக்கடையில் நாலு எக்ஸ் போட்ட சட்டைதான் கேட்பார். கடைக்காரர் மேலும் கீழும் பார்த்து, "யாருக்கு சார்?" என்பார். "எனக்குத்தான்." கடைக்காரர் கூடாரம் விற்கிற கடைக்கு வழி சொல்வார்.

பழைய உடம்பு போகும்போது தோலை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. காலி செய்த வீட்டில் திரைச்சீலையை மறந்துவிட்டுப் போவார்களே, அதுபோல. அதை மடித்துப் பனியனுக்குள் செருகிக்கொள்வார். தெருவில் பார்ப்பவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன வியாதி? எத்தனை மாசம்னு சொல்லியிருக்காங்க?" என்று கண் கலங்குவார்கள். "ஆபரேஷன் பண்ணி இளைச்சேங்க" என்றால், "அப்படித்தான் சொல்வாங்க, தைரியமா இருங்க" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். புதுப்பித்துத் தருகிறேன் என்று அடையாள அட்டையை வாங்கிய அலுவலர், பழைய படத்தையும் ஆளையும் பார்த்துவிட்டு, "அப்பா வரலையா?" என்று கேட்டார்.

மனைவிக்கும் தூக்கம் திரும்பவில்லை. குறட்டை மொத்தமாக நின்றுவிட்டதல்லவா? பழக்க தோஷம். எட்டு வரை எண்ணித் தட்டி எழுப்புவாள்.

"என்னங்க, உயிரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கேன்டி."

"சரி, தூங்குங்க."

இதெல்லாம் அண்ணனுக்குப் பெரிய விஷயமில்லை. மகள்தான் விஷயம்.

ஒரே மகள், வயது இருபத்தொன்று. அப்பாவை வார்த்த அதே அச்சில் வார்த்த உடம்பு. முன்பெல்லாம் இருவரும் சேர்ந்து நடந்தால் தெரு நிறைந்துவிடும். பொடிசுகள் கத்தும்: "லாரி வருது டோய்! பின்னாடி டிரெய்லர் வருது டோய்!" வேறு யாராவது என்றால் தலையைக் குனிந்துகொள்வார்கள். அண்ணன் அடித்தொண்டையில் "பாம்ம்... பாம்ம்..." என்று ஹாரன் அடிப்பார். மகள் அப்படியே நின்று, பின்னால் நகர்ந்துகொண்டே, லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்தை வாயால் போடுவாள்: "பீப். பீப். பீப்." பொடிசுகள் தெறித்து ஓடும். கேலி செய்தவர்களைக் கேலியாலேயே விரட்டும் இந்த வித்தையை அவள் ஆறு வயதில் கற்றவள்.

ஆபரேஷன் முடிந்த ஒரு வருடத்தில் இருவரும் செருப்புக் கடைக்குப் போனார்கள். கடையில் இருந்த அம்மாள் அண்ணனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பல்லெல்லாம் தெரிய, "அப்பாவைப் பாத்துக் கத்துக்கோம்மா" என்றாள்.

மகள் செருப்பு வாங்கவில்லை. அன்றோடு அப்பாவோடு எங்கேயும் வருவதில்லை. வீட்டில் பேச்சு உண்டு: சாவி எங்கே, மாத்திரை போட்டாயா, கரண்ட் போச்சு. அவ்வளவுதான். ஒருநாள் அவள் அறை வாசலில் நின்று அண்ணன் மெல்ல "பாம்ம்" என்று அடித்துப் பார்த்தார்.

"சைக்கிளுக்கு ஏதுப்பா அந்த ஹாரன்?" என்றுவிட்டு அவள் போனைப் பார்க்கத் தொடங்கினாள்.

பழைய உடம்பில் அண்ணனுக்கு வேண்டிய ஒரே சாமான் அந்த டிரெய்லர்தான். அதைத் திரும்ப எப்படி மாட்டுவது என்று எந்த டாக்டரும் சொல்லித்தரவில்லை.

இப்படி இருக்கும்போது மணி பார்க்கிற வருடம் வந்தது. ஊரில் பதினோரு லிஃப்ட். பட்டறையில் அண்ணனுக்குக் கூட்டாளி ஒருவர் உண்டு. எப்போதும் கை கறுத்திருப்பதால் அவர் பெயர் கிரீஸ். ஒவ்வொரு கட்டடத்திலும் மூட்டைகளை அடுக்கிவிட்டு, பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல் கார்டைப் பார்த்துக் கூப்பிடுவார்.

"மூட்டை பதினஞ்சு?"

"பதினஞ்சு."

"அண்ணன் ஒண்ணு?"

"ஒண்ணு" என்று சொல்லி அண்ணன் பக்கவாட்டில் திரும்பி லிஃப்டில் ஏறுவார். மூட்டைகளுக்கு நடுவே மூச்சை இழுத்து, இல்லாத தொப்பையை ஒடுக்கி நிற்பார். திருகைத் திருப்புவார். மணி அடிக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துவார். கிரீஸ் கார்டில் டிக் போடுவார். பதினோரு லிஃப்டிலும் இப்படியே நடந்தது. இருவருக்கும் எதுவும் உறைக்கவில்லை. கேட்கிற உங்களுக்கு உறைத்திருக்கும். சும்மா இருங்கள், அவர்களும் வருவார்கள்.

அடுத்த வாரமே ஊர் மணியடிக்க ஆரம்பித்தது.

எட்டுப் பேர் லிஃப்டில் ஏழாவது ஆள் கால் வைத்தால் மணி. 'லிஃப்ட் கெட்டுவிட்டது' என்று ஒரு ஜீவன் சொல்லவில்லை. போன வாரம்தான் சரிபார்த்த சீட்டு ஒட்டியிருக்கிறதே! ஆகவே கெட்டது நாம்தான் என்று ஊர் முடிவுகட்டியது. ஒரு கட்டடத்தில் கைப்பையை வெளியே வைத்துவிட்டு ஏறினார்கள். இன்னொன்றில் காவலாளி, "எல்லாரும் மூச்சை வெளிய விட்டுட்டு ஏறுங்க, காத்துக்கும் எடை இருக்கு" என்று சட்டம் போட்டார். ஒரு வக்கீல் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார், கையில் பிடித்தால் எடை இல்லை என்று. மதியச் சாப்பாடு டப்பாக்கள் சின்னதாயின. காலையில் பூங்காவில் நடக்க இடமில்லை. பதினொன்றில் ஒரு லிஃப்ட் இருந்த குடியிருப்பில்தான் முதலாளியும் இருந்தார். அவர் இரவுச் சாப்பாட்டையே விட்டுவிட்டார்.

இந்தக் கலவரத்துக்கு நடுவில் மகளுக்கு வேலை கிடைத்தது. நீலக் கட்டடம், ஆறாவது மாடி, காது மெஷின் விற்கும் கம்பெனி. வாங்கியவர்களுக்குப் போன் போட்டு மெஷின் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். அவர்கள் "என்ன?" என்பார்கள். மறுபடி கேட்க வேண்டும். அவளுக்கு அது பிடித்திருந்தது. நாள் முழுக்கக் கத்தலாம், யாரும் திட்டமாட்டார்கள்.

பத்தாம் நாள் காலையில் அவள் கிளம்பவில்லை. குளியலறையில் மாத்திரையோடு நின்றிருந்த அண்ணனுக்கு அடுப்படிப் பேச்சு கேட்டது.

"நான் போகலம்மா. இனிமே போகல."

"ஏன்டி? மானேஜர் ஏதாச்சும் சொன்னானா?"

"லிஃப்டும்மா. தினமும் மணி அடிக்குது. கடைசியா ஏறினவங்கதானே இறங்கணும்? நேத்து நான் மூணாவதா ஏறினேன். கடைசியா ஒரு ஒல்லிக்குச்சி ஏறினான். மணி அடிச்சுது. எல்லாரும் என்னையே பாத்தாங்க. அந்த ஒல்லிக்குச்சியும் பாத்தான். இறங்கினேன். மணி நின்னுடுச்சு. அவங்க கை தட்டாததுதான் பாக்கி."

"படியில போயேன்."

"ஆறு மாடிம்மா. மேல போய்ப் போன் எடுத்தா பேச்சு வரல, மூச்சுதான் வருது. ஒரு தாத்தா மெஷின் கெட்டுப்போச்சுன்னு புகார் குடுத்துட்டாரு."

"அப்பாகிட்ட சொல்லட்டுமா? அந்த லிஃப்ட் அவர் பாக்குறதுதானே."

"வேணாம். ஆபரேஷன் பண்ணிக்கிறியான்னு கேப்பாரு."

அண்ணன் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. ஒருமுறை கேட்கலாமா என்று நினைத்தார். நினைத்ததே அவள் காதில் விழுந்திருக்கிறது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நீலக் கட்டடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக அவரும் ஏறினார். மூலையில் ஒண்டி, கைகளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். ஏழாவது ஆள் ஏறினார். மணி அடித்தது. யாரும் யாரையும் பார்ப்பதற்கு முன்பே அண்ணன் தலையணையோடு வெளியே குதித்தார்.

"மன்னிச்சிடுங்க, நான்தான், நான்தான்."

மணி நின்றது. உள்ளே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "இவரு ஏன் இறங்கினாரு?" என்றார் ஒரு பெரிய தொப்பைக்காரர். "பாவம், உடம்பு சரியில்ல போல, தலையணையெல்லாம் வெச்சிருக்காரு" என்றாள் ஒரு பெண். கதவு மூடியது.

போனவர்கள் ஆறு பேர். லிஃப்ட் எட்டுப் பேருக்கு. அண்ணன் விரல்விட்டு எண்ணினார். லிஃப்ட் கீழே வந்ததும் சின்னக் கதவைத் திறந்து கார்டை எடுத்தார். 'அண்ணன் 1, மூட்டை 15.' எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கார்டோடு நிமிர்ந்தார். எதிரே எஃகுத் தகட்டில் ஓர் ஒல்லி மனிதன், அவன் கையிலும் ஒரு கார்டு. வழிவிடலாம் என்று அண்ணன் ஒதுங்கினார். அவனும் ஒதுங்கினான். இந்தப் பக்கம் ஒதுங்கினார். அவனும் இந்தப் பக்கமே வந்தான்.

அண்ணன் கார்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"அட நாசமாப் போறவனே," என்றார், "நீ அண்ணன் இல்லடா!"

பட்டறைக்கு ஓடினார். ஓடி வந்து ஒருவர் மேல் மோதினால் மன்னிப்புக் கேட்பது அவர்தான் என்ற பழக்கத்தில் காலியான தெருவில்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடினார்.

முதலாளிக்குப் புரியவைக்க அரைமணி ஆனது.

"அண்ணன் ஒண்ணு. கார்டுல ஒண்ணு. ஏறினதும் ஒண்ணு. இதுல எங்கே தப்பு?"

"முதலாளி, நான் இப்ப ஒண்ணு இல்ல. பாதிகூட இல்ல."

முதலாளி சுவரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். மூன்றரை வருடமாகத் தினமும் பார்க்கிற ஆளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். "அண்ணே... எங்கேண்ணே போச்சு மிச்சம்?"

"அதை விடுங்க. பதினோரு மணியையும் மாத்தணும்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். "முன்னாடியே அடிக்கிற மணியால உசுருக்கு ஆபத்தில்லையே? ஊரே நடக்குது, ஓடுது. என்னைப் பாரு, ரெண்டு பெல்ட் ஓட்டை உள்ள போயிருக்கு. நல்லதுதானே பண்ணியிருக்கோம்? இல்லன்னா ஒண்ணு செய். ரெண்டு மாசம் லீவு தர்றேன். நல்லா சாப்பிட்டு, பழையபடி வந்து சேரு."

"வயிறு வாழைப்பழ சைஸ் முதலாளி."

"சின்னச் சின்னதா சாப்பிடு. அவசரமில்ல."

அண்ணன் அந்தப் பட்டறையில் சத்தம் போட்டுப் பேசியதே இல்லை. பெரிய உடம்போடு சத்தமும் போட்டால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று தணிந்தே பேசிப் பழகியவர். அன்று மேசையில் தட்டினார். "என் பொண்ணு அந்த மணிக்கு ஒன்பது நாள் இறங்கியிருக்கா. அவ எடைக்கு இல்ல முதலாளி. என் எடைக்கு."

முதலாளி சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். "ஞாயித்துக்கிழமை வேனை எடுத்துக்கோ. நாலு மூட்டை சேத்துப் போட்டுக்கோ." பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப நான் ராத்திரி சாப்பிடலாமாண்ணே?" என்றார்.

கடினமான வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது. அன்று மாலை அண்ணன் மகளின் அறை வாசலில் வந்து நின்றார். ஹாரன் அடிக்கவில்லை. ஒரே மூச்சில் கார்டு, மூட்டை, எஃகுத் தகடு, எல்லாவற்றையும் கொட்டினார். மகள் போனைக் கீழே வைத்தாள்.

"இரு இரு. நீ குண்டா இருக்கறதா நெனச்சு ஏறியிருக்க?"

"ஆமா."

"கண்ணாடியே பாக்கறதில்லையா நீ?"

"பாப்பேன். யாரோ நிக்கிறான்னு நகந்துடுவேன்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். கட்டில் குலுங்கியது. நடுவில் அந்தச் சிரிப்பு தடம் மாறியது. தலையணையை எடுத்து அவர்மேல் எறிந்தாள். "ஒன்பது நாள்ப்பா! ஒன்பது நாள் நான் சாப்பிடலப்பா!"

அண்ணன் தலையணையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரலாமா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. நாற்காலியை அழுத்திக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார்.

"செருப்புக் கடையில நான் அந்தம்மாவுக்கு ஏதாச்சும் சொல்லியிருக்கணும்" என்றார். "வாய் வரல. அவ என்னைத்தான் சொல்றாளான்னே எனக்குத் தெரியல. உன்னைப் பாத்து நான் கத்துக்கணும்னு சொல்றான்னு ஒரு நிமிஷம் நெனச்சேன்."

மகள் மூக்கைத் துடைத்தாள். பிறகு, "நாலு மூட்டை வேணாம்" என்றாள். "நான் ஏறுறேன். நான் உள்ள நிக்கும்போது அந்த மணி வாயை மூடணும். நான் பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறைத் தராசு. இருவரும் ஒன்றாகவே ஏறினார்கள். பெண் பிள்ளையின் எடை என்பதால் கிரீஸ் மரியாதையாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறந்து படிங்க மாமா. பாத்தாலே தெரியறதுதானே."

"நூத்தி அம்பத்தொம்பது."

சுவரில் நூற்று அறுபத்து மூன்று. "நாலு கிலோ கம்மி" என்றார் அண்ணன், ஏதோ தவறு செய்துவிட்டவர்போல. மகள் எட்டி டூல் பெட்டியைத் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். முள் நகர்ந்து சரியாக வந்து நின்றது. கிரீஸ் ஆனந்தத்தில் கறுப்புக் கையோடு கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

நீலக் கட்டடத்தில் ஆளே இல்லை. பதினைந்து மூட்டைகளும் அடுக்கியாயிற்று. அண்ணன் ஏறினார், பெட்டியோடு மகள் ஏறினாள். மணி காதைப் பிளந்தது. அவள் தோள் தானாகக் குறுகுவதை அண்ணன் பார்த்தார். அவருடைய தோளும் அப்படித்தான் குறுகும். திருகைப் பிடித்தார்.

"சொல்லு, எங்கே நிறுத்தணும்?"

"திருப்பு. இன்னும். இன்னும்ப்பா. அது கத்துது பாரு."

திருகு சுற்றியது. மணி ஒருமுறை விக்கி, நின்றது. லிஃப்டுக்குள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் டூல் பெட்டியோடு ஒருமுறை குதித்துப் பார்த்தாள். மணி ஒரு சின்ன விக்கல் விக்கிவிட்டு அடங்கியது.

"அங்கேதான். விடு."

கார்டை அவளே வாங்கினாள். 'அண்ணன் 1' என்பதை அடித்துவிட்டு எழுதினாள்: 'அப்பா 1, மகள் 1, பெட்டி 1, மூட்டை 15.' மாலைக்குள் பதினோரு கார்டும் அப்படி ஆயின.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. மகளை விட்டுவிட்டுப் போகிறேன் என்று அண்ணனும் கூடவே வந்தார். லிஃப்டில் ஆறு பேர் ஏறி நின்றார்கள். ஏழாவதாக மகள் போனாள். எல்லாரும் பழக்கப்படி மூச்சை வெளியே விட்டு, கண்ணை மேலே உயர்த்திக் காத்தார்கள். மணி அடிக்கவில்லை.

"இளைச்சுட்டோம்!" என்று கத்தினார் தொப்பைக்காரர். ஆறு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். ஒரு பெண் பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து அங்கேயே பிரித்தாள். தொப்பைக்காரர் வெளியே நின்றிருந்த அண்ணனைப் பார்த்தார். "வாங்க சார், இன்னொருத்தருக்கு இடமிருக்கு. உங்களுக்கெல்லாம் என்ன யோசனை?"

"இல்லைங்க, நீங்க போங்க. நான் அடுத்ததுல..."

மகள் பொத்தானை அமுக்கிக் கதவைப் பிடித்தாள். "ஏறுப்பா."

அண்ணன் தலையணையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒரு பீரோவே நுழையக்கூடிய இடத்தில் நசுங்கி நுழைந்தார். எட்டுப் பேர். மறுபடியும் எல்லாரும் மேலே பார்த்தார்கள். நிசப்தம். கதவுகள் நெருங்கிவந்தன.

"பீப்" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். "பீப். பீப்."

தொப்பைக்காரர் பதறி ஒரு காலை வெளியே வைத்தார். பிஸ்கட் தின்றவள் வாயை அப்படியே நிறுத்தினாள். ஆறு பேரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. எழுபத்தொரு கிலோவில் எங்கே கிடந்ததோ, அடித்தொண்டையிலிருந்து அந்தப் பழைய சத்தத்தைத் தேடி எடுத்தார்.

"பாம்ம்."